மலாயா போன தாத்தா: எங்கே தேடுவது?

வாசகர் கேள்வி, 12 மார்ச் 2023

"அப்பாவைப் பெற்ற தாத்தாவை நான் பார்த்ததில்லை. அப்பாவுக்கே முகம் நினைவில்லை. 1930களில் மலாயா போனார், ஜப்பான்காரன் சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போனான், அங்கேயே முடிந்துவிட்டார் என்பதுதான் வீட்டில் சொல்வது. சயாம் ரயிலில் வேலை செய்தவர்களின் பட்டியல் எங்கே கிடைக்கும்? பெயரும் ஊரும் தவிர என் கையில் வேறொன்றும் இல்லை."

12 மார்ச் 2023, இரவு

தோட்டத்து ஆள்களுக்குப் பெயர்வாரியான முழுப் பட்டியல் கிடையாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் இரண்டு வருஷம் அலைந்த மாதிரி நீங்கள் அலைய வேண்டாம்.

என் வீட்டுக் கதையும் இதேதான், வரிக்கு வரி. தாத்தா 1937ல் போனார். சயாமில் செத்தார். அவர் கப்பல் ஏறும்போது அப்பாவுக்குக் கைக்குழந்தை வயது, அத்தைக்கு ஆறு. புகைப்படம் இல்லை. எனக்கு அவர் பெயரைத்தான் வைத்தார்கள். பேரன் என்றாலே பெயரைச் சுமக்கிறவன்தானே. ஆனால் பாட்டி ஒரு நாளும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டாள். 'ஐயா' என்பாள். கோபம் வந்தால் 'மலாயாக்காரரே' என்பாள். நான் என்ன செய்தேன்?

அந்த ரயில், போரின்போது ஜப்பான்காரன் போட்டது, தாய்லாந்தில் (அதுதான் சயாம்) பான் போங் பக்கம் ஆரம்பித்து பர்மாவில் தான்பியூசயாட் வரைக்கும் 415 கிலோமீட்டர். 1942ல் ஆரம்பித்து 1943 அக்டோபர் 17ல் இரண்டு பக்கத்துத் தண்டவாளமும் சேர்ந்தது. போர்க்கைதிகள் அறுபதாயிரம் பேர், அவர்களில் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் செத்தார்கள். காஞ்சனபுரியில் வரிசையாகக் கல்லறை, பெரும்பாலானவற்றில் பெயர். ஆசியக் கூலிகள் இரண்டு லட்சம் அளவுக்கு இருக்கும் என்பது கணிப்பு, செத்தவர்கள் தொண்ணூறாயிரம் இருக்கலாம் என்பதும் கணிப்புதான். மலாயாவிலிருந்து போனவர்கள் மட்டும் 75,000 என்கிறார்கள், பெரும்பாலும் நம் ஆள்கள். வெள்ளைக்காரனை எண்ணியிருக்கிறார்கள், நம்மை மதிப்புப் போட்டிருக்கிறார்கள்.

அதனால் சயாமிலிருந்து தேடத் தொடங்காதீர்கள். வீட்டுப் பரணிலிருந்து தொடங்குங்கள்.

14 மார்ச் 2023

பரணில் என்ன இருக்கும் என்று கேட்டிருந்தீர்கள். எங்கள் வீட்டில் இருந்ததைச் சொல்கிறேன்.

ஊர் திருத்துறைப்பூண்டிப் பக்கம். 1952 புயலில் கூரை போனது, டிரங்குப் பெட்டி போனது. தப்பியது ஒரு ஓவல்டின் டப்பா. அதற்குள் மணியார்டர் கூப்பன் பதினேழு. மணியார்டர் பாரத்தின் அடியில் கிழித்துக்கொள்கிற துண்டு இருக்குமே, நாலு வரி எழுத இடம் விட்டிருப்பான், அது. மூலையில் பிள்ளையார் சுழி, அதன் கீழே இரண்டு கோடு, கோட்டுக்கு இரண்டு பக்கமும் புள்ளி. அப்புறம் 'இவ்விடம் ஷேமம். அவ்விட ஷேமத்துக்கு எழுதவும். ரூ 10 வரும். பிள்ளைக்கு மொட்டை போடவும்.' முதல் கூப்பன் 1937 அக்டோபர், கடைசி 1941 நவம்பர். டிசம்பர் 8ல் ஜப்பான்காரன் மலாயாவில் இறங்கினான். அத்தோடு சரி.

பத்து ரூபாய் என்றால் சும்மா இல்லை. அப்போது தோட்டத்தில் ஆணுக்கு ஒரு நாள் கூலி 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. மாதம் 25 நாள் பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுப்புக்கு, போனால் பன்னிரண்டரை வெள்ளி (மலாயா டாலர்). ஒரு வெள்ளிக்கு ஒன்றரை ரூபாய் என்று வைத்தால் பதினெட்டே முக்கால் ரூபாய். அதில் பாதியை அனுப்பியிருக்கிறார்.

15 மார்ச் 2023

ஜாதகம் இருந்தால் அதை விடாதீர்கள். ஆனால் வருஷப் பெயரில் ஏமாறக்கூடாது, அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வரும். அப்பா பிறந்தது தாது வருஷம். ஒரு செயலியில் போட்டேன், 1876 என்று சொல்லி அப்பாவுக்கு 147 வயது கொடுத்தது. அது தாது வருஷப் பஞ்சம் வந்த தாது. அப்பாவுடையது 1936.

பாட்டி 'ஈசுவர வருஷம் ஆடியில கப்பல் ஏறினாக' என்பாள். அப்படியென்றால் 1937 ஜூலை கடைசி, இல்லையென்றால் ஆகஸ்ட். அடுத்த வருஷமாக இருந்திருந்தால் தாத்தா போயிருக்கவே முடியாது. கூலியைக் குறைத்தார்கள் என்று 1938 ஜூனில் இந்திய அரசாங்கம் மலாயாவுக்குச் செலவு கொடுத்து ஆள் அனுப்புவதை நிறுத்திவிட்டது. பத்து மாத இடைவெளி. ஒரு போகம் நன்றாக விளைந்திருந்தால் இந்த இழையில் நான் எழுத வேலையே இல்லை.

15 மார்ச் 2023, பிற்பகல்

காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் தன் தாத்தா பெயர் கிடைத்துவிட்டது என்று கீழே ஒருவர் குதித்திருக்கிறார். ஐயா, பட்டாளத்து எண் போட்டிருக்கிறதா பாருங்கள். அங்கே இருக்கும் தமிழ்ப் பெயர்கள் பெரும்பாலும் சிப்பாய்களுடையவை. ரப்பர்ப் பால் வெட்டப் போனவரை அங்கே தேடிப் பயனில்லை. நானும் இதே மாதிரி ஒரு ராத்திரி குதித்தவன்தான்.

2 ஏப்ரல் 2023

கூப்பன் முத்திரையில் 'தெலுக் அன்சன்' என்று இருக்கிறது, வரைபடத்தில் அப்படி ஊரே இல்லை என்று முன்பு ஓர் இழையில் புலம்பியிருந்தேன். ஈப்போ நண்பர் ஒருவர் தனிமடலில் சொன்னார்: அது இன்றைய தெலுக் இந்தான், பேராக் மாநிலம், சாய்ந்த மணிக்கூண்டு இருக்கிற ஊர். போர்ட் சுவெட்டன்ஹாம் இன்றைக்குப் போர்ட் கிள்ளான் ஆனது மாதிரி. பெயர் மாறின ஊர்களைத் தேடும்போது அந்தக் காலத்து வரைபடத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்தின் பெயர் இன்னும் பெரிய தலைவலி. துரை வைத்த பெயர் ஒன்று, நம் ஆள்கள் கூப்பிட்டது இன்னொன்று. கூப்பனில் 'மேட்டுத் தோட்டம்' என்று இருக்கிறது. பேராக்கில் மேடு இல்லாத தோட்டம் எது?

19 மே 2023

எழும்பூர் ஆவணக்காப்பகத்துக்கு மூன்று நாள் போனேன். மலாயாவில் இருந்த இந்திய அரசின் ஏஜெண்ட் வருஷாவருஷம் எழுதிய அறிக்கைகளைப் பார்த்தேன். நாகப்பட்டினத்தில் எத்தனை பேர் ஏறினார்கள், ஆவடி முகாமில் எத்தனை பேர், கூலி எவ்வளவு, ஆஸ்பத்திரியில் எத்தனை சாவு, எல்லாம் உண்டு. பெயர் மட்டும் இல்லை. 'ஆண்கள்' என்ற கட்டத்துக்குள் ஒரு பெரிய எண். அதில் ஒன்று என் தாத்தா. அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

8 ஜூலை 2023

இது உங்களுக்கு உதவும். பத்திரப்பதிவு அலுவலகத்துக்குப் போங்கள். நான் பார்த்த 2023ல் இணையத்தில் வில்லங்கம் போட்டால் 1975க்கு முன்னால் போகவில்லை, பழையதற்கு மனு எழுதிக் கொடுத்து மேனுவலாகத்தான் பார்க்க வேண்டியிருந்தது. சர்வே எண் பழையதா புதியதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யுடிஆரில் எண் மாறியிருக்கும்.

எனக்கு ஒரு அடமானப் பத்திரம் கிடைத்தது. 1937 ஜூன். நாலு மா நஞ்சை. தாத்தா பெயர், அவர் தகப்பனார் பெயர், சாதி, தொழில் விவசாயம், வயது 30. ஜாதகத்தில் பிலவங்க வருஷம், அதாவது 1907. சரியாக வருகிறது. கப்பல் ஏறுகிறதுக்கு முந்தின மாதம் நிலத்தை வைத்திருக்கிறார். 1940ல் அடமானம் தீர்ந்திருக்கிறது. அந்தப் பத்து ரூபாய்கள்தான்.

கையெழுத்தைப் பார்க்கலாம் என்று நகலை ஆசையாகப் புரட்டினேன். அந்தக் காலத்தில் பத்திரத்தைப் பார்த்துப் புத்தகத்தில் கையால் நகல் எழுதி வைத்திருக்கிறார்கள். கையெழுத்தும் நகல்காரன் கைதான். ஆனால் தாத்தா பெயருக்கு எதிரே அவன் எழுதியிருப்பது 'கைநாட்டு'.

9 ஜூலை 2023

ராத்திரி தூக்கம் வரவில்லை. கைநாட்டு என்றால் அந்தப் பதினேழு கூப்பனையும் எழுதியது யார்?

ஒருவர் கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்குப்பிள்ளை, என்கிறார். கிராணியிடம் போய் 'பிள்ளைக்கு மொட்டை போடவும்' என்று எழுதச் சொல்ல முடியுமா? இன்னொருவர், அங்கே போய் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டிருப்பார் என்கிறார். முதல் கூப்பன் மூன்றாம் மாதமே வந்துவிட்டதே. அதே கை, அதே சுழி.

15 அக்டோபர் 2023

நேற்று மாளய அமாவாசை. கோடியக்கரைக்குப் போனேன். அப்பா இருந்தவரை அவர் போவார். தாத்தாவுக்குத் திதி தெரியாது, அதனால் வருஷத்துக்கு ஒரு நாள் இதுதான். புரோகிதர் மூன்று தலைமுறைப் பெயர் கேட்பார் இல்லையா, என் பெயரைச் சொல்லி அப்பா பெயரைச் சொல்லி மறுபடி என் பெயரைச் சொன்னேன். 'அதான் சொல்லிட்டீங்களே' என்றார். தாத்தா பெயர் சாமி அது என்றேன்.

இன்னொன்று. பாட்டி 1979ல் சாகும்வரை தாலியைக் கழற்றவில்லை. 'சேதி வரல்லியே' என்பாள். அப்பா கோடியக்கரைக்குப் போகிற நாளில் பாட்டி வீட்டில் இருக்க மாட்டாள், நாற்று நடுகிற இடத்துக்குப் போய்விடுவாள்.

21 ஜனவரி 2024

எல்லாரும் உட்காருங்கள். 1948ல் தாத்தா உயிரோடு இருந்திருக்கிறார்!

அத்தை வீட்டில் பழைய மொய் நோட்டு கிடைத்தது, அத்தையின் கல்யாணத்துக்கு எழுதியது. ஊர்வாரியாகப் பெயர், ஒரு ரூபாய், எட்டணா, ஒரு மரக்கால் அரிசி. ஏழாம் பக்கத்தில் தாத்தாவின் பெயர், பக்கத்தில் 'மலாயா', ரூ 10. அந்த நோட்டிலேயே பெரிய தொகை. சயாம் கதையே பொய் போலிருக்கிறது. போர் முடிந்து அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டாரா? யார் கையிலாவது பணத்தைக் கொடுத்தனுப்பினாரா? கை நடுங்குகிறது.

21 ஜனவரி 2024, ஒரு மணி நேரம் கழித்து

தஞ்சைக்காரர் ஒரே வரி எழுதியிருக்கிறார்: "பெத்த தகப்பன் மகள் கல்யாணத்துக்கு மொய் எழுதுவானா?"

சரி. என் மண்டையில் நானே ஒரு குட்டு வைத்துக்கொள்கிறேன். மேலே எழுதியதை அழிக்கவில்லை, இருக்கட்டும், நாலு பேர் சிரிக்கலாம்.

24 ஜனவரி 2024

அப்போது அந்தப் பெயர் யாருடையது? சொன்னால் எளிது, ஆனால் எனக்கு மூன்று நாள் ஆனது. தாத்தாவுக்கு வைத்தது அவருடைய தாத்தா பெயர். அந்தப் பெரியவருக்கு மகன் வழியில் ஒரு பேரன், மகள் வழியில் ஒரு பேரன். இரண்டு பேருக்கும் அதே பெயர். தாத்தாவின் அத்தை மகன், பக்கத்து ஊர். இரண்டு பேரும் ஒரே கப்பலில் போயிருக்கிறார்கள். அவர் 1946ல் திரும்பி வந்திருக்கிறார்.

பெயர் பொருந்துகிறது என்று எதையும் நம்பிவிடாதீர்கள் என்று மார்ச்சிலேயே உங்களுக்கு எழுதியிருக்க வேண்டும். நம் ஊரில் பெயர் ஆளைக் குறிப்பது இல்லை, இன்னாருடைய பேரன் என்றுதான் குறிக்கிறது. தகப்பன் பெயரும் ஊரும் சேர்ந்து பொருந்தினால்தான் கணக்கு.

25 ஜனவரி 2024

ஈப்போ நண்பருக்கு: ஆமாம், அந்த அத்தை மகன்தான் கூப்பன் எழுதியிருப்பார் என்று எனக்கும் தோன்றுகிறது. நிரூபணம் இல்லை.

10 பிப்ரவரி 2024

நேற்று தை அமாவாசை. கோடியக்கரைக்குப் போய்விட்டு வரும் வழியில் அத்தை வீட்டில் இறங்கினேன். அத்தைக்கு 93. காது மந்தம், நினைவு ஊசி மாதிரி. இதுவரைக்கும் அத்தையிடம் தாத்தாவைப் பற்றிக் கேட்டால் "சயாம்னு சொல்வாக" என்று முடித்துவிடுவாள். நேற்று மொய் நோட்டை மடியில் விரித்து அந்தப் பெயரைக் காட்டி "இது எந்த மாமா?" என்று கேட்டேன்.

"வலது காலு விந்தி நடப்பாரே, அந்த மாமா."

முழங்காலுக்குக் கீழே சதை இல்லாமல் ஒரு பள்ளம் இருக்குமாம், காசு வைக்கலாம் போல. சயாம் போய்த் திரும்பினவர்களுக்கு அந்த மாதிரிப் புண் வந்ததாக எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். மூங்கில் கீறினால் போதும், எலும்பு தெரிகிறவரை அழுகும். ஆக, சயாமுக்குப் போனது அவர். ஊரில் 'மலாயா போன இன்னார் சயாமுக்குப் போனார்' என்று பேசியது அவரைத்தான். அதே பெயர் என்பதால் கதை எங்கள் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டது.

என் முதல் குறிப்பில் தாத்தா 'சயாமில் செத்தார்' என்று அடித்துச் சொல்லியிருக்கிறேன். திருத்திக்கொள்ளுங்கள்.

11 பிப்ரவரி 2024

நேற்று பாதியில் நிறுத்திவிட்டேன்.

அத்தை சொன்னதை அவள் வார்த்தையிலேயே எழுதிப் பார்க்கிறேன். "எனக்குப் பதினஞ்சு வயசு. அந்த மாமா வந்து திண்ணையில உக்காந்தாரு. எங்க அம்மாவப் பெத்த தாத்தா இருந்தாரு. நான் கதவுக்குப் பின்னால. 'அவன் தோட்டத்துலயே போயிட்டான், காய்ச்சல், நான் சயாமுக்குப் போறதுக்கு முன்னாடியே, நான்தான் மண்ணு போட்டேன்'னாரு. தாத்தா ரொம்ப நேரம் பேசல. அப்பறம், 'எம்மவ கிட்ட சொல்லாத. பொண்ணு கல்யாணம் முடியட்டும். அறுத்தவளா மணவறையில நிக்க முடியாது'ன்னாரு."

1948ல் கல்யாணம் முடிந்தது. யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய, பாட்டியைப் பெற்றவரும் அதற்கடுத்த வருஷம் போய்விட்டார்.

"நீ ஏன் சொல்லலை?" என்றேன். "அம்மா மஞ்சள் பூசிக் குளிச்சிட்டு வருவாளே தம்பி, எந்த வாயால சொல்றது?" என்றாள். அப்பாவுக்கும் சொல்லவில்லை. அப்பா நாற்பது வருஷத்துக்கு மேல் கோடியக்கரையில் சயாமில் செத்தவருக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

எந்த மாதம் என்று கேட்டேன். தெரியாது. மாமாவும் சொல்லவில்லை போலிருக்கிறது. திதி இன்னும் இல்லை.

13 பிப்ரவரி 2024

அத்தையின் நினைவு எவ்வளவு நம்பகம் என்று கேட்கிறீர்கள். நியாயம். கதவுக்குப் பின்னால் கேட்டது, எழுபத்தெட்டு வருஷம் ஆகிவிட்டது. எனக்கும் சந்தேகம் உண்டு. ஆனால் கால் பள்ளத்தைக் கற்பனையில் சொல்ல முடியாது. அத்தை சயாம் புண்ணைப் பற்றி எதுவும் படித்தவள் இல்லை, அவளுக்கு எழுத்தே தெரியாது.

முதல் கேள்வி கேட்ட நண்பரே, எங்கே போனீர்கள்? உங்கள் கேள்விக்கு என் வீட்டுக் கதையை எழுதிக்கொண்டிருக்கிறேன். உங்கள் ஊரில் அதே பெயரில் இன்னொருவர் மலாயா போனாரா என்று மட்டும் விசாரித்துச் சொல்லுங்கள். சிங்கப்பூர் நூலக வாரியத்தின் இணையதளத்தில் பழைய தமிழ் முரசு இருக்கிறது, போருக்கு முந்தியது பிந்தியது இரண்டும் பார்க்கலாம். எனக்கு அதில் எதுவும் சிக்கவில்லை, உங்களுக்குச் சிக்கலாம்.

3 ஏப்ரல் 2024

அந்த மாமாவின் பேரனைக் கண்டுபிடித்தேன். திருவாரூரில் கடை வைத்திருக்கிறார். கேளுங்கள், அவர் பெயரும் அதேதான். தொலைபேசியில் 'நான் இன்னார் பேசறேன்' என்றேன், 'நானும்தான்' என்றார். இரண்டு பேருக்கும் சிரிப்பு அடங்க நேரம் ஆனது.

அவர் வீட்டில் அவருடைய தாத்தாவின், அதாவது அந்த மாமாவின், கணக்கு நோட்டு ஒன்று இருக்கிறது, நெல் கணக்கு, வட்டிக் கணக்கு. வாட்ஸ்அப்பில் நாலு பக்கம் அனுப்பினார். ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் பிள்ளையார் சுழி, கீழே இரண்டு கோடு, கோட்டுக்கு இரண்டு பக்கமும் புள்ளி. நடுவில் ஒரு கடிதத்தின் வரைவு. 'இவ்விடம் ஷேமம்.' க்ஷ போடாமல் ஷ.

பதினேழு கூப்பனையும் மேசையில் பரப்பிவைத்துப் பார்த்தேன். அந்த மாமாவின் கைதான்.

'பிள்ளைக்கு மொட்டை போடவும்' என்று சொன்னது தாத்தாவாக இருக்கலாம். எழுதியவராகவும் இருக்கலாம். அதை எப்படிப் பிரிப்பது என்று தெரியவில்லை.

6 ஏப்ரல் 2024

மொய் நோட்டு இருக்கிறதா என்று திருவாரூர்க்காரரிடம் கேட்டேன். எங்கள் வீட்டுக்கு அந்த மாமா பத்து ரூபாய் செய்திருக்கிறார், அதைப் பாட்டி திருப்பிச் செய்தாளா என்று தெரிய வேண்டியிருந்தது. மொய்க் கடன் நிற்கக்கூடாது, நின்றிருந்தால் இப்போதாவது நான் செய்ய வேண்டும்.

இருக்கிறது. 1956, அந்த மாமாவின் மகள் கல்யாணம். எங்கள் ஊர்ப் பக்கத்தில் மூன்றாவது வரி: தாத்தாவின் பெயர், ரூ 11. பத்துக்கு மேல் ஒன்று கூட்டிச் செய்திருக்கிறாள். அப்போது அப்பாவுக்கு இருபது வயது. வழக்கப்படி அப்பா பெயரில்தான் எழுதியிருக்க வேண்டும்.

அத்தையிடம் தொலைபேசியில் கத்திக் கேட்டேன். அந்தக் கல்யாணத்துக்கு அவளும் போயிருக்கிறாள், பாட்டி பக்கத்தில் நின்றிருக்கிறாள். மொய் எழுதுகிறவர் "யார் பேருக்கு எழுத, ஆச்சி?" என்றாராம். பாட்டி புருஷன் பெயரைச் சொல்ல மாட்டாளே.

"கல்யாண வீட்டுக்காரரு பேருதான், எழுதுங்க" என்றாளாம்.

அந்த மாமா பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாராம். "ஒண்ணும் பேசல. சந்தனக் கிண்ணத்த எடுத்து நீட்டினாரு, அம்மா எடுத்துக்கிட்டா" என்றாள் அத்தை.